மாவு மிஷினுக்கு வந்த சபை

எங்கள் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபம் தொடங்கினால் லேசில் முடியாது. நாட்டை ஆள்கிறவர்களுக்காக, மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, வேலை தேடுகிறவர்களுக்காக, பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்காக, படுக்கையில் கிடப்பவர்களுக்காக என்று நீண்டுகொண்டே போகும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இதில் நாங்கள் எங்கே வருகிறோம் என்று எனக்குத் தோன்றும். கடை வைத்துப் பிழைப்பவர்களுக்காக அந்த நாளில் யாரும் ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் சபை அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், தபால் ஆபீஸ்காரர்கள், நர்சுகள் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த சபை. சைதாப்பேட்டைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள் நான். என் கணவர் பாளையங்கோட்டைப் பக்கத்தவர். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரைக்கும் எங்களுக்கும் அந்தப் பெஞ்சுகளில் ஒரு மரியாதை இருந்தது. தொழிற்சாலையை ஒருநாள் மூடிவிட்டார்கள். இவர் வேறு வேலை தேடாமல், மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இடம் பிடித்து, பழைய மாவு மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார்.

"இன்னொருத்தன் மூடினா நான் தெருவுல நிக்கணும். இத நானா மூடினாத்தான் உண்டு" என்றார் என்னிடம்.

என் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆலயத்து வாசலில் ஒரு பெரியவர் என் கணவரின் தோளைத் தட்டி, "வியாபாரம்னா நாலு பொய் சொல்லாம முடியாதே தம்பி. ஜாக்கிரதையா இருங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் பின்வரிசையில் உட்காரப் பழகிவிட்டோம். யாரும் போகச் சொல்லவில்லை. நாங்களாகப் போய் உட்கார்ந்துகொண்டோம்.

போர்டில் 'மில்' என்று எழுதியிருந்தது. தெருவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "மிஷினுக்குப் போயிட்டு வரேன்" என்றால்தான் மயிலாப்பூர்ப் பெண்களுக்குத் தெரியும். காலையில் கதவைத் திறக்கும்போதே பிஸ்கட் டின்களும் தூக்குகளும் துணிப்பைகளும் வரிசையாக நிற்கும். ஆள் போய்விடும், டின் வரிசையில் நிற்கும். கோதுமை, பச்சரிசி, கேழ்வரகு. கோடைக்காலத்தில் மிளகாயும் மல்லியும். அரைத்து முடிந்து துணிக்குழாய் வழியாக மாவு இறங்கும்போது சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு ஒரு வாசனை வரும். மழை நாளில் அதற்காகவே இரண்டு பேர் சற்று நேரம் உள்ளே ஒதுங்கி நிற்பார்கள். இன்றைக்கும் எங்கேயாவது கோதுமை அரைபடும் வாசனை வந்தால் நான் நடையை நிறுத்திவிடுவேன்.

நான் அப்போது மிஷினைத் தொட்டதில்லை. எடை பார்ப்பேன், டின்களை வரிசைப்படுத்துவேன், வருகிறவர்களோடு பேசுவேன். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை. வடக்கு மாடவீதிப் பக்கத்திலிருந்து ஒரு மாமி வருவார். அரிசியைத் தரையில் வைக்கும் முன்பே, "முன்னாடி என்ன அரைச்சே?" என்று கேட்பார். கோதுமை என்றால் நிற்பார். கேழ்வரகு என்றால் திரும்பிப் போய்விடுவார். அரிசி என்றால், "யாராத்து அரிசி?" என்று அடுத்த கேள்வி வரும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சபைக்குப் புது ஐயர் வந்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மயிலாப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதில் வரும் குழப்பத்தைப் பின்னால் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர், சைக்கிளில்தான் போவார். முதல் ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி, "நேத்து வரைக்கும் உங்களை எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருப்பீங்கன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. திங்கட்கிழமை எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். பிரசங்கத்தில் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இவர் பதிலுக்காகக் காத்திருந்தார். சிலர் இருமினார்கள்.

வழக்கமாகப் போதகர்கள் வீடு சந்திக்க வருவார்கள். சாயங்காலம், முன்கூட்டியே சொல்லிவிட்டு. நாமும் பலகாரம் செய்து வைத்துக்கொண்டு, துவைத்த சேலை கட்டிக்கொண்டு காத்திருப்போம். புது ஐயரோ நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சந்துக்குள் சைக்கிள் மணி கேட்டது. என் கணவர் அவரைப் பார்த்ததும் பதறிப்போய் மிஷினை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க. அந்தம்மா மாவுக்குக் காத்திருக்காங்கல்ல" என்று ஐயர் கத்தினார். கத்தினால்தான் கேட்கும்.

அந்தச் சத்தத்திலேயே நின்று ஜெபித்தார். என்ன ஜெபித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு கை மிஷினின் மேல் இருந்தது. அங்கியெல்லாம் மாவு. போகும்போது அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

அவர் வந்த சில மாதங்களில் திங்கட்கிழமை விடியற்காலைக் கூட்டம் ஒன்று ஆரம்பித்தது. சபையில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் கடை திறக்கும் முன்பு ஆலயத்துப் பின்னறையில் கூடுவார்கள். பெரிய கூட்டமில்லை. தி.நகர் பாண்டி பஜார் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர், அடையாற்றில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், என் கணவர், இன்னும் ஓரிருவர். எல்லோரும் அதுவரை பின்வரிசைக்காரர்கள்தான். ஐயர் வீட்டம்மா காபி போட்டுக் கொடுப்பார்கள். ஜெபத்தை விடப் பேச்சுதான் அதிகம் என்று என் கணவர் வந்து சொல்வார்.

தையல்காரர் ஒருநாள், "ஐயா, நாளைக்கு ரெடி ஆயிடும்னு சொல்றேனே, அது பொய்யில சேருமா?" என்று கேட்டாராம். அறையே சிரித்ததாம். ஐயர் சிரிக்காமல், "நாளைக்கு ரெடியாகுமா?" என்று கேட்டாராம்.

"ஆகாது."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

அந்தத் தீபாவளிக்குத் தையல்காரர், வந்தவர்களிடமெல்லாம் "இப்ப கொடுத்தா பண்டிகைக்குக் கிடைக்காதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். பொங்கலுக்கு அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. உண்மை சொன்னால் வியாபாரம் பெருகும் என்று ஐயர் ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

என் கணவர் தம் பங்குக்கு ஒரு கேள்வி கொண்டுபோனார். அரைத்து முடிந்த பிறகும் கல்லிடுக்கில் கொஞ்சம் மாவு தங்கிவிடும். அதைத் தட்டி எடுக்காமல் விட்டால் நாள் முடிவில் ஒரு படி சேரும். எல்லா மிஷின்காரர்களும் அதைத் தங்களுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது யாருடையது? அன்று நெடுநேரம் பேசினார்களாம். மறுநாளிலிருந்து இவர் ஒவ்வொரு டின்னுக்கும் மிஷினைத் தட்டித் தட்டி இறக்கிக் கொடுத்தார். வரிசை மெதுவாக நகர்ந்தது. "சீக்கிரம் ஆகட்டுங்க" என்று சிலர் முணுமுணுத்தார்கள். மாமி மட்டும் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தட்டு தட்டச் சொல்லு" என்றார்.

அந்தக் காலத்தில் மின்வெட்டு அடிக்கடி வரும். எழுபதுகள் தொடங்கிய பிறகு ஒரு வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கோதுமை ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றது. பெல்ட் வேறு தளர்ந்து கழன்றிருந்தது. இவர் சுவிட்சை அணைக்காமல் பெல்ட்டை மாட்டப் போனார். கரண்ட் வந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, மணிக்கட்டும் நசுங்கியது. எங்களுக்கு மூட்டை கொண்டுவந்து இறக்கும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இருந்தார், சைதாப்பேட்டை ஆள். அவர்தான் இவரைத் தூக்கி உட்காரவைத்து, மழையில் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அவர், "ஒண்ணும் இல்ல நைனா, தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாவு மிஷினுக்கு வருஷம் முழுவதற்கும் அந்தச் சில வாரங்கள்தான் சாப்பாடு போடும். முறுக்கு மாவும் தட்டை மாவும் அரைக்க ஊரே வரும் நேரம். தெரிந்த ஆட்களெல்லாம் வேறு மிஷின்களில் வேலைக்குப் பேசியிருந்தார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை. கதவை மூடிப் பூட்டுப் போட்டேன்.

ரிக்‌ஷாக்காரர் பார்க்க வந்தார். தயங்கித் தயங்கி என்னிடம், "யக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? மிஷினுக்குப் பூச போடல, அதான் இப்டி ஆயிடுச்சுன்னு தெருவுல பேசிக்கினு கீறாங்க. எனக்கு இன்னா தெரியும்? ஒன் காதுல போட்டுடலாம்னுதான் வந்தேன்" என்றார்.

அவர் நல்ல மனதோடு சொன்னார். சாமி நம்மைத் தண்டித்தது என்று தெரு சொல்கிறது. ஆலயத்திலும் சிலர் அதையே வேறு மாதிரி சொல்லக்கூடும் என்று எனக்குத் தெரியும். பணத்தாசையில் தொழில் ஆரம்பித்ததற்குக் கிடைத்த பலன் என்று.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி செக்ரட்டரி எழுந்தார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிறவர். எங்கள் குடும்பத்துக்காக விசேஷக் காணிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். நல்ல காரியம்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் நாங்கள் தொழில் செய்கிறவர்கள் என்பது போய், தர்மம் வாங்குகிறவர்கள் ஆகிவிட்டது போல இருந்தது.

மறுநாள் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் கட்டிலில் படுத்திருந்தார். ஐயர் என்னைப் பார்த்து, "அம்மா, காணிக்கை அது பாட்டுக்கு வரட்டும். நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசிக்காமலே வாயில் வந்தது.

"மிஷின் ஓடணும் ஐயா."

அவர் கட்டிலில் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரி, ஓட்டிருவோம்" என்றார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. நானும் வரவேண்டும் என்று ஐயர் சொன்னதால் கதவோரம் நின்றேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு தீபாவளி வரை எங்கள் மிஷினை நடத்துவார்கள் என்று அவர் சொன்னதும் செக்ரட்டரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சபை எதுக்கு இருக்கு? ஆத்துமாக்களை மேய்க்கறதுக்கா, அரிசி அரைக்கறதுக்கா?"

"தினம் ஆகாரம் தாரும்னு நாம எல்லாரும் ஒண்ணா நின்னுதான கேக்கறோம். அதை யாராவது அரைச்சாத்தான சார் வரும்?" என்றார் ஐயர்.

"இது பிரசங்கத்துக்கு நல்லா இருக்கும். நடைமுறைக்கு ஆகாது. நாளைக்கு எல்லா கடைக்காரங்களும் வந்து நிப்பாங்க."

"வரட்டுமே. இத்தனை நாள் வராம இருந்ததுதான் எனக்கு வருத்தம்."

செக்ரட்டரி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. "என் ஆட்சேபணையை எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று காலையில் கதவைத் திறந்தோம். அதற்கு முந்தின நாள் தையல்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் வந்து மிஷினைத் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். வாசலில் ஐயர் ஜெபம் செய்தார். தெருக்காரர்கள் சிலரும் நின்றார்கள். ரிக்‌ஷாக்காரர் கைகூப்பிக்கொண்டு கடைசிவரை நின்றுவிட்டு, பிறகு சந்து முனையில் மாலை போட்டு நிறுத்தியிருந்த தன் வண்டிக்குத் தேங்காய் உடைத்தார். உடைத்த தேங்காயில் ஒரு மூடி எனக்கு. நான் வாங்கி வைத்திருந்த பொரிகடலையில் ஒரு பொட்டலம் அவருக்கு. "நல்லா சாமி கும்புட்டார் ஒங்க ஐயரு. இனிமே ஒண்ணும் ஆவாது" என்றார். பூஜை போடவில்லை என்ற பேச்சு அத்துடன் நின்றது என்று சொல்ல மாட்டேன். என் காதுக்கு வருவது நின்றது.

மிஷின் ஓடியது. ஆனால் ஓட்டியவர்களைப் பார்க்க வேண்டுமே. என் கணவர் கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அதட்டினார். வீட்டில் சாதுவான மனிதர். மிஷினுக்கு முன்னால் வேறு ஆளாகிவிடுவார். "கொட்டாதீங்க, கொட்டாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா விடுங்க! சத்தத்தைக் கேளுங்க. திணறுது பாருங்க" என்பார். தையல்காரர் விடிவதற்கு முன்பே வந்து அரைத்துவிட்டு, அப்படியே தலையில் மாவோடு பாண்டி பஜாருக்கு ஓடுவார். அவருக்கும் அதுதான் வருஷத்தின் பெரிய சீசன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு என்னவோ செய்யும். மத்தியானம் கண்ணாடிக் கடைக்காரர். நடுவில் ஐயர்.

ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியனோடு நின்று அரைத்துக்கொண்டிருந்த ஒருநாள் மாமி வந்தார். புதுமுகத்தைப் பார்த்து, "யாருடீ இது? ஆள் வெச்சுட்டியா?" என்றார்.

"இல்ல மாமி, எங்க ஐயர்."

மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஐயரா? எந்த ஊர்?"

"எங்க கோயில் பாதிரியார் மாமி. நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்."

"அதானே பார்த்தேன்!" என்று மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாதிரியார் மாவரைச்சுண்டு இருக்கார், நீ ஜம்முனு நின்னுண்டிருக்கே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஸ்வாமி காரியம் பண்றவர்தானே, அரைக்கட்டும். முன்னாடி என்ன அரைச்சார்னு கேளு" என்றார்.

கேட்டிருக்க வேண்டியது நான்தான், இன்னொரு நாள். மாமியின் பச்சரிசி வரிசையில் இருந்தது, தீபாவளி முறுக்குக்காகக் களைந்து, நிழலில் உலர்த்திய அரிசி. அதற்கு முன்னால் யாரோ அவசரமாக மிளகாய் கொண்டுவந்திருந்தார்கள். மிளகாய் அரைத்தால் பிறகு தவிட்டைப் போட்டு ஓட்டிக் கழுவ வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் தும்மலோடு தும்மலாக அதை மறந்துவிட்டு மாமியின் அரிசியைப் போட்டுவிட்டார். இளஞ்சிவப்பாக இறங்கியது மாவு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டின்னைச் சுற்றி நாங்கள் சாவு வீட்டில் நிற்பது போல நின்றோம்.

"மேலாக நல்ல மாவைத் தூவிக் கொடுத்துரலாமா? தெரியவா போகுது?" என்றார் அவர். சொன்ன உடனே அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா சொன்னேன். நானே போய்ச் சொல்றேன்" என்றார்.

"நீங்க கடையைப் பாருங்க. நான் போறேன்" என்றேன். எங்கள் வீட்டு அரிசியைக் களைந்து காயவைத்து, மிஷினை நன்றாகக் கழுவி ஓட்டிவிட்டு, நானே அரைத்தேன். மிஷினில் நான் முதன்முதலாக அரைத்தது அதுதான். என் கணவர் ஸ்டூலிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அதட்டவே இல்லை. பாதியில், "சத்தம் சரியா இருக்கு பிள்ள" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எத்தனை ஆசாரமாகக் காயவைத்த அரிசி, எத்தனை வேலை, நாள் கிழமையும் அதுவுமாக, என்று ஒன்றையும் விடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஓய்ந்த பிறகு புது மாவு டின்னைத் திறந்து இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது யார் அரைச்சது?"

"நான்தான் மாமி."

"நைஸா இருக்கு." மூடியைப் போட்டார். நான் சிவப்பு மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அதை எங்கே எடுத்துண்டு போறே? வெச்சுட்டுப் போ. தட்டைக்கு ஆகும். காரம் போடற வேலை மிச்சம்."

தீபாவளி கழிந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் அந்தத் தட்டை எங்களுக்கும் வந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு எடுத்து வைத்தேன். கடித்துவிட்டு, "உறைப்பு போதலையே" என்றார்.

அந்தச் சீசன் எங்களைக் கரை சேர்த்தது. ஆனால் இவருடைய கை கரை சேரவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டும் பலம் அந்தக் கைக்கு மறுபடி வரவேயில்லை. சில மாதம் வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஐயர் வாரம் தவறாமல் வந்து அவரோடு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒருநாள் இவரே, "நீ மிஷினைப் பாத்துக்கோ. நான் எடையைப் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்படி நாங்கள் இடம் மாறினோம். எனக்கு ஆரம்பத்தில் உடம்பெல்லாம் வலிக்கும். பிறகு வலிக்கவில்லை. பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பெண் மிஷின் ஓட்டுவதைப் பார்க்க முதல் வாரம் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் மாவுக்குத்தான் வந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலைக் கூட்டத்துக்கும் இவர் என்னை அனுப்பினார். அதுவரை ஆண்கள் மட்டும்தான். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோனது. தையல்காரர்தான், "வாங்கம்மா. மிஷின்காரங்க வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்றார். அன்றைக்கு முழுக்க என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு போகப் போக என்னை நிறுத்துவது அவர்களுக்குக் கஷ்டமாகிவிட்டது.

எங்கள் ஐயர்களை ஓரிடத்தில் நெடுங்காலம் வைக்க மாட்டார்கள். இவரையும் மாற்றினார்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனபோது கடைக்காரர்கள் கூட்டம்தான் பெரிதாக இருந்தது. அடுத்து வந்தவர் நல்ல பிரசங்கி, நல்ல குரல். திங்கட்கிழமைக் கூட்டம் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. மெல்ல நின்றுபோனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபத்தில், கடைகளிலும் பட்டறைகளிலும் பாடுபடுகிறவர்களுக்காக என்று பழைய ஐயர் சேர்த்திருந்த ஒரு வரியை அவர் நீக்கவில்லை. அந்த வரி வரும்போது என் கணவர் தம் நல்ல கையால் என் முழங்கையை லேசாக இடிப்பார்.

அதற்குச் சில வருஷம் கழித்து, சபையில் கணவனை இழந்த ஒரு பெண் என்னைத் தேடி மிஷினுக்கு வந்தாள். நன்றாகச் சமைப்பாள். ஆபீஸ்களுக்குக் கேரியரில் மத்தியானச் சாப்பாடு அனுப்ப வேண்டும் என்று ஆசை. அவள் குடியிருந்த ஒற்றை அறையில் அடுப்பு மூட்ட வீட்டுக்காரர் விடவில்லை. நான் அவளைக் கேட்டேன், "உனக்கு என்ன வேணும்?"

"அடுப்பு வைக்க ஒரு இடம்க்கா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆலயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. சபை விருந்துக்குச் சமைக்கும் இடம். வருஷத்தில் சில நாள்தான் அதில் அடுப்பெரியும். சபையின் ஆண்டுக் கூட்டத்தில் அதை வார நாட்களில் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு எழுந்து நின்றேன். அந்தக் கூட்டத்தில் பெண்கள் கை தூக்குவதோடு சரி, பேசியதில்லை. என் குரல் நடுங்கியது. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் என்பதால் நடுங்கினாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

செக்ரட்டரி இன்னும் அவரேதான். எழுந்தார்.

"கொட்டகை ஆலயச் சொத்து. அதுல வியாபாரம் நடத்தலாமா?"

"சாப்பாடுதான் சார் சமைக்கப் போறா. நாம விருந்துக்குச் சமைக்கற அதே அடுப்புலதான்" என்றேன்.

"வேத ஆராய்ச்சிக்குப் பைபிளைத் திறக்கறப்ப சாம்பார் வாசனை வரும்."

யாரோ சிரித்தார்கள். தையல்காரர் எழுந்து, "வரட்டும் சார். ஜெபம் சுருக்கா முடியும்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. செக்ரட்டரி வழக்கம்போலத் தம் ஆட்சேபணையை எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு மாதம் போவதற்குள், தனியாள்தானே, வீட்டில் சமைக்க ஆளில்லை என்று அவருக்கும் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு கேரியர் போக ஆரம்பித்தது. புதன்கிழமை வேத ஆராய்ச்சியில் சாம்பார் வாசனை வரத்தான் செய்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.